அம்மாவின் ஸ்வாப் தேர்வைத் தள்ளிவைக்கக் கோரி

மிகுந்த மரியாதைக்குரிய சித்திக்கு உங்கள் அக்கா மகள் வணங்கி எழுதுவது.

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும் நலமாகவே இருப்போம். அதற்குப் பிறகு எப்படி இருப்போம் என்பது உங்கள் கையில் இருக்கிறது. நீங்களும் சித்தப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். குறையாவிட்டாலும் தயவுசெய்து இந்தக் கடிதத்தை உட்கார்ந்து கடைசி வரை படியுங்கள்.

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கணக்கு நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டரை. இந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற ஒரே அறை இதுதான். போனில் சொல்லலாம் என்றால், அம்மாவின் போனில்தான் பேச வேண்டும், பேசி வைத்ததும் "யார்டி அது, இவ்ளோ நேரம்?" என்று பார்ப்பாள். அதனால் நாளைக் காலை பள்ளிக்குப் போகிற வழியில் இதை உங்கள் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். சித்தப்பாவிடம்கூடக் காட்ட வேண்டாம், அவர் சிரித்துவிட்டு அப்பாவிடம் சொல்லிவிடுவார்.

விஷயம் இதுதான். அம்மாவின் தொழிற்சாலையில் தேர்வுத் தேதிகளை எழுதிப் பலகையில் ஒட்டுவது நீங்கள். வியாழக்கிழமை அம்மாவுக்கு நடக்க இருக்கும் ஸ்வாப் தேர்வை எப்படியாவது ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அம்மா தோற்றுப்போவாள். இது அம்மாவுக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் இந்த ஒன்பது நாளும் அம்மாவைத் தேற வைத்துக்கொண்டிருந்தவள் நான்.

விண்ணப்பம் என்றால் முதலில் பின்னணி எழுத வேண்டும் என்று எங்கள் தமிழ் ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் கருவிக்கான எஃகு வால்வுகளை அம்மா பதினோரு வருடமாகக் தூசி நுழையாத கிளீன் ரூமுக்குள் உட்கார்ந்து சுத்தம் செய்கிறாள். வால்வில் நகத்தின் ஓரம் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. தேர்வில் அந்தப் பள்ளத்தில் ஒளிரும் பொடியைப் பூசிக் கொடுப்பார்கள். ஸ்வாப் என்கிற, நுனியில் சின்னத் தலை வைத்த குச்சியில் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைக்க வேண்டும். முழுக்கக் காயவிட்டு மறுநாள் காலை இருட்டில் நீல விளக்கின் கீழே பார்ப்பார்கள். ஏதாவது ஒளிர்ந்தால் தோல்வி. போன தேர்வில் அம்மாவின் வால்வில் ஒரே ஒரு இழை ஒளிர்ந்தது. தேர்வாளர், அதுதான் நீங்கள் எல்லோரும் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுகிறீர்களே, அவர் அந்த ஒரு இழைக்கு அரைப் பக்கம் எழுதிவிட்டார். "அன்னைக்கு யாரோ பிரிச்சு வெச்சிருந்த பாக்கெட்லேருந்து எடுத்துட்டேன், அதான் தப்பு" என்று அம்மா சொன்னாள். தோற்றவர்கள் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள்தானே என்று அப்பாவும் நானும் தலையாட்டினோம். இன்னொரு முறை தோற்றால் அம்மாவை வெளியே பெட்டி ஒட்டுகிற பிரிவுக்கு அனுப்பிவிடுவார்களாம். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. "உள்ள இருக்கிற பாதிப் பேருக்குத் துடைக்கச் சொல்லிக்கொடுத்தவ நான். என்னைய வெளிய உக்காந்து டேப் ஒட்டச் சொல்லுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீடும் கிளீன் ரூம் ஆகிவிட்டது. நான் சாப்பாட்டு மேசையைத் துடைத்தால் அம்மா பின்னாலேயே நிற்கிறாள். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கு ஒரே திசையில் இழுக்க வேண்டும், ஒரு கோட்டின்மேல் அடுத்த கோடு கொஞ்சம் ஏற வேண்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். தெரியாமல் துணியைத் திரும்பக் கொண்டுபோய்விட்டேன். "எடுத்த அழுக்கைக் கூட்டிட்டுப் போயி பழைய வீட்டைக் காட்டுறியா?" என்றாள். அப்பா மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்ததற்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது.

கழித்துப்போட்ட வால்வுகள் ஆறையும், தேதி தாண்டிய ஸ்வாப் பாக்கெட்டுகளையும், கொஞ்சம் ஒளிரும் பொடியையும் ஆல்கஹாலையும் அம்மா அனுமதி வாங்கிக் கொண்டுவந்தாள். அப்பா மின்சார வேலை செய்கிறவர் அல்லவா, ஒரு செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு நீல விளக்கு பொருத்திக் கொடுத்தார். மாலையில் அம்மா சமையலறை மேசையில் ஆறுக்கும் பொடி பூசித் துடைத்துத் தட்டில் அடுக்கி மூடி வைத்துவிடுவாள். தொழிற்சாலையில் மறுநாள் பார்ப்பது போலவே இங்கேயும் மறுநாள் காலைதான் பார்க்க வேண்டும் என்பது அவள் சட்டம். எனக்குப் பரீட்சை நேரம், நாலரைக்கே எழுந்து படிக்கிறேன். முதல் நாளே ஆசையை அடக்க முடியாமல் டப்பாவுக்குள் ஒரு வால்வை வைத்துப் பார்த்தேன். சித்தி, பள்ளம் முழுக்க நீல நீலமாக இழைகள், பூனை முடி போல. மற்ற ஐந்தும் அப்படியே. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அம்மா எழுந்து வந்து இதைப் பார்ப்பாள், பிறகு சாப்பிட மாட்டாள். அதனால் நானே துடைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

செய்த தவறுகளை மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று பாக்கெட்டுகள் இருந்தன. நுரைத் தலை, அகலமான துணித் தலை, ஊசி போல மெலிந்த தலை. நுரைதான் பார்க்க மெத்தென்று இருந்தது, எடுத்தேன். அது பள்ளத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே போகமாட்டேன் என்றது. அமுக்கினேன். நிறைய ஆல்கஹால் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்று சொட்டச் சொட்ட நனைத்தேன், அது பள்ளத்தில் குளம் கட்டிக் காய்ந்து வட்டம் வட்டமாகக் கறை விட்டது. கறையைப் போக்க, என் புத்தகப் பையின் உள் அறையில் இருக்கும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை எடுத்தேன். (அது என்னிடம் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. நகப்பூச்சு இருப்பதும் தெரியாது. இது வேறு விஷயம், இந்த விண்ணப்பத்தில் சேராது.) அதில் தோய்த்ததும் நுரைத் தலை குளவி கொட்டிய மூக்கு மாதிரி வீங்கிப் பிய்ந்து வந்துவிட்டது. பாதி பள்ளத்தில், பாதி என் விரலில். மணி ஐந்தேகால். அப்போதுதான் அழுகையை நிறுத்திவிட்டு, அம்மா மேசைக்குச் சொல்கிறதையே இதற்கும் செய்து பார்த்தேன். ஊசித் தலையை எடுத்தேன். ஆல்கஹாலைச் சின்ன மூடியில் தனியாக ஊற்றிக்கொண்டேன். லேசாகத் தொட்டு, மூடியின் விளிம்பில் ஒற்றி ஈரத்தைக் குறைத்தேன். ஒரே இழுப்பு. தலையைத் திருப்பி இன்னொரு இழுப்பு. அந்தக் குச்சியைத் திரும்ப மூடியில் முக்காமல் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த குச்சி. ஆறும் கும்மிருட்டாகிவிட்டன.

ஆறே கால் மணிக்கு அப்பா டப்பாவுக்குள் பார்த்துவிட்டு, "அடேயப்பா! ஒரு புள்ளி இல்லம்மா!" என்று கத்தினார். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படியே உட்கார்ந்து இரண்டு தம்ளர் காப்பி குடித்தாள். உண்மையைச் சொல்ல அதுதான் சரியான நேரம், நான் மூன்றாவது தம்ளரை நீட்டினேன்.

இப்படியே ஒன்பது நாள். ஒவ்வொரு விடிகாலையும் பூனை முடி, ஒவ்வொரு காலையும் "அடேயப்பா". தூக்கம் இல்லாமல் நேற்று அறிவியல் வகுப்பில் கண்ணயர்ந்துவிட்டேன். பூமி எப்படிச் சுற்றுகிறது என்று ஆசிரியர் என்னை எழுப்பிக் கேட்டார். "ஒரே திசையில சார், திரும்பத் துடைக்கக் கூடாது" என்றேன். பாதி மதிப்பெண் கொடுத்தார்.

நான் சுத்தம் செய்யச் செய்ய அம்மாவுக்குத் தைரியம் ஏறிக்கொண்டே போகிறது. "அம்மா, அந்த ஊசித் தலைய எடுத்துப் பாரேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "யாருக்குடி பாடம் எடுக்கிறே? எந்தப் பள்ளத்துக்கு எந்தத் தலைன்னு எனக்குத் தெரியாதா?" என்று அகலத் தலையையே எடுக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் எனக்கே தெரிகிறது, அந்தப் பள்ளத்துக்கு அகலத் தலை சரிப்படாது என்று. பதினோரு வருட அனுபவம் கண்ணை மறைக்கிறது என்று நினைக்கிறேன். இன்று மாலை வந்ததும் அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூதக்கண்ணாடியிடம் போய், "இந்த வாட்டி புதுசா சேந்த பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து நிறுத்துங்க சார், பாத்துக் கத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டாளாம். இருபத்திரண்டு பேர், சித்தி! அவர்கள் முன்னால் அந்த வால்வு பூனை முடியோடு ஒளிரும். தொழிற்சாலைக்குள் போய் விடிகாலையில் துடைத்து வைக்க என்னால் முடியாது.

ஆகவே உங்கள் முதுகுவலியையே காரணமாகக் காட்டியாவது தேதியை மாற்றுங்கள். அந்த ஒரு மாதத்தில் எப்படியாவது அம்மாவை ஊசித் தலைக்கு மாற்றிவிடுகிறேன். உண்மையை மட்டும் சொல்ல முடியாது. சொன்னால் அடிப்பாள் என்று பயமில்லை, அன்று போலச் சாப்பிடாமல் இருந்துவிடுவாள் என்றுதான் பயம். சித்தப்பாவுக்கு என் வணக்கங்கள். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, தேதிகளை மாற்றும் அதிகாரத்தோடு நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
பயந்துகொண்டே இருக்கும் உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மணி இப்போது இரண்டரை. தயவுசெய்து மேலே எழுதியிருப்பதில் எதையும் செய்யாதீர்கள்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் சமையலறையில் சத்தம் கேட்டது. கடிதத்தைக் கையில் பிடித்தபடி போய்ப் பார்த்தேன். அப்பா தட்டின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அரையிருட்டில் நின்றிருந்தார்.

"நீ ஏன் முழிச்சிருக்கே?"

"நீங்க ஏன்பா முழிச்சிருக்கீங்க?"

"தண்ணி குடிக்க வந்தேன்."

"காது குடையுற பஞ்சுக் குச்சியிலயா?"

அப்பா குச்சியைப் பின்னால் மறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கம்மாகிட்ட சொல்லிராதே. பாவம், அவ கை முன்ன மாதிரி இல்ல. தெனம் ராத்திரி அவ தூங்கினதும் நான்தான் ஆல்கஹால் தொட்டு இன்னொரு தடவை துடைச்சு வெக்கிறேன். இல்லேன்னா காலையில அப்படிப் பளிச்சுனு இருக்குமா?" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"அப்பா, அதைத் துடைக்கிறது நான்!"

"எதை?" என்று எங்களுக்குப் பின்னாலிருந்து கேட்டது அம்மா.

விளக்கைப் போட்டாள். முதலில் தட்டைப் பார்த்தாள், அடுத்து பஞ்சுக் குச்சியைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தாள். நடுவில் ஒருமுறை மட்டும் நிமிர்ந்து என் நகங்களைப் பார்த்தாள். ஒரு வால்வில் பொடியைப் பூசினாள். பிரிக்காத பாக்கெட்டைப் பிரித்து அந்த அகலத் தலையை எடுத்தாள். அதைப் படுக்கவைத்துத் துடைக்கவில்லை சித்தி, தலையின் விளிம்பை நிறுத்தி, கத்தி போலப் பள்ளத்தில் இறக்கி, ஒரு இழுப்பு. திருப்பி, மறுவிளிம்பால் இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான். நான் ஊசித் தலையால் ஒன்பது நாள் செய்ததை இரண்டு இழுப்பில் முடித்துவிட்டாள். அவள் கை நடுங்கியது. ஐயோ, அப்பா சொன்னது சரிதானோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன், அது கோபம்.

காயட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்தோம். டப்பாவுக்குள் வைத்துப் பார்த்தால் ஒரு இழை இல்லை, ஒரு புள்ளி இல்லை. "இப்ப நீங்க உங்க கைவரிசையைக் காட்டுங்க" என்று அதே வால்வை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா பஞ்சுக் குச்சியால் பயபக்தியோடு துடைத்தார். பள்ளம் முழுக்கப் பூனை முடி.

"பொடி பச்சையா ஒளிரும். இது நீலம். பஞ்சுலேருந்து உதிர்ந்த நூலு. அதனாலதான் உள்ள பஞ்சையே விடமாட்டாங்க" என்றாள் அம்மா. "ஆக, நான் சுத்தம் பண்ணினதை ஒருத்தர் அழுக்காக்கி, இன்னொருத்தி அதைச் சுத்தம் பண்ணி, ரெண்டு பேரும் என்னைக் காப்பாத்தியிருக்கீங்க. மொத்தத்துல என் கையை இந்த வீட்டுல ஒருத்தரும் நம்பல."

"நம்பாம இல்லம்மா," என்றார் அப்பா, "ஒரு பாதுகாப்புக்கு."

"பேசாதீங்க."

அதனால் தேதியை மாற்ற வேண்டாம். மாற்றினால் உங்களோடும் பேச மாட்டாளாம். இருபத்திரண்டு பேரையும் கட்டாயம் வரச் சொல்லுங்கள், முடிந்தால் இன்னும் சிலரையும். இந்தக் கடிதத்தை நான் கிழித்துப்போடப் போனேன், அம்மா விடவில்லை. "ஒரு எழுத்து அடிக்காம அப்படியே குடு. என் தங்கச்சியும் தெரிஞ்சுக்கட்டும்" என்றாள். தன் பங்கை மட்டும் விட்டுவிட முடியுமா என்று அப்பா என் காதில் கேட்டார். அது முடியவில்லை.

அம்மா இன்னொரு முறை ஆறையும் துடைத்து மூடி, தட்டைத் தன் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். அறைக் கதவையும் சாத்திக்கொண்டாள். அப்பாவுக்கு இன்று கூடத்தில் என் பக்கத்துப் பாய்.