மேனேஜர் முதுகில் நான்

கும்மிடிப்பூண்டி தாலுகாவைச் சல்லடை போட்டுச் சலித்தாலும், என்னைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்லாத மனுஷன் ஒரே ஒருத்தர்தான் தேறுவார். அவர் டாக்டர் இல்லை, சாமியாரும் இல்லை. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். அந்த வார்த்தை அவருக்குத் தெரியாமல் இல்லை. அதைத் தன் குதிரைக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ரேஷன் கார்டில் ஏதாவது இருக்கும். தெருவில் அவர் ‘ஊர்வலம்’. குதிரைக்குத் தண்ணி காட்டப் போனால்கூட ஜரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, குஞ்சம் வைத்த குடையைப் பிடித்துக்கொண்டு, நாலு நாய் பின்தொடரத்தான் போவார். நேரில் எல்லோரும் கூப்பிடுவது ‘நைனா’.

குதிரையின் பெயர் மேனேஜர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டவர்களுக்கு எல்லாம் ஒரே பதில்தான்.

“வெள்ளையா இருக்கான். எவன் பேச்சும் கேக்க மாட்டான். மத்தவன்லாம் வேர்த்து ஊத்திக்கினு நிக்கும்போது இவன் மட்டும் நிழல்ல நிப்பான். வேற இன்னா பேரு வெக்கச் சொல்ற?”

எங்கள் தெருவில் பாதிப் பேர் இரும்புக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது, “மேனேஜர் இன்னிக்கு லத்தி போட்டாரா நைனா?” என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு நிம்மதி.

இனி என் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். யாரும் கர்ச்சீப் தேட வேண்டாம். பிறந்தபோது நான் அழத் தாமதமாகிவிட்டது. மூளை முடக்குவாதம். கை இரண்டும் நன்றாக வேலை செய்யும். கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். வாக்கரைப் பிடித்து நாலடி இழுத்துக்கொண்டு போவேன், அவ்வளவுதான். முதுகு நிற்காது. சாய ஏதாவது இல்லாவிட்டால் ஐந்து நிமிஷத்தில் மூட்டை மாதிரி சரிந்துவிடுவேன். இத்தனையோடும் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தேன். சர்க்யூட் போர்டில் எறும்புத் தலை அளவுள்ள பாகத்தையும் பிசிறில்லாமல் பற்றவைப்பேன்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். என் கைவேலையைப் பார்த்த சூப்பர்வைசர் வாயைப் பிளந்தார். பக்கத்திலிருந்த எச்.ஆர். ஆசாமி என் இடுப்பைப் பார்த்தார்.

“லைன்ல எல்லாருக்கும் ஸ்டூல்தாம்மா. சாய முடியாது. மூணு மாசத்துல அடுத்த பேட்ச் எடுப்போம். ரெண்டு மணி நேரம் ஸ்டூல்ல உக்காந்து காட்டுங்க, பாக்கலாம்.”

முதுகு வைத்த நாற்காலி ஒன்று போட்டால் முடிந்துபோகும் விஷயம். அது அவர்களிடம் கிடையாதாம். அதனால் நான் போய் என் முதுகை மாற்றிக்கொண்டு வர வேண்டுமாம். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் வேலை வேண்டும். அப்பாவுக்கு இரும்புக் கம்பெனி ஃபர்னஸ் சூட்டில் கண் மங்கிக்கொண்டிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபி மேடம் இருந்தார். அவர்தான், “குதிரை ஏறினா இடுப்புக்கும் முதுகுக்கும் நல்ல பயிற்சி. பட்டணத்துல அதுக்குன்னே இடம் இருக்கு” என்றார். பட்டணத்துக்கு வாரம் மூன்று நாள் என்னைத் தூக்கிக்கொண்டு ரயிலேற யாரால் முடியும்? அப்பா நேராக ஊர்வலத்திடம் போய் நின்றார்.

“நைனா, நம்ம பொண்ணைக் குதிரை ஏத்தணும்.”

“கல்யாணமா? மாப்ளதான ஏறுவான், பொண்ணு இன்னாத்துக்கு ஏறுது?”

“கல்யாணம் இல்ல நைனா, வைத்தியம்.”

“வைத்தியமா? என் குதிரைக்கு இன்னா கேடு? நல்லாத்தான கீறான்!”

விஷயத்தைப் புரியவைக்க அரை மணி ஆனது. பிறகு என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். வருகிறவர்கள் எல்லோரும் ‘எப்பலேர்ந்து இப்படி?’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஊர்வலம் வாசலில் நின்றபடியே கேட்டது வேறு.

“எத்தினி கிலோ?”

“முப்பத்தெட்டு.”

வெளியே திரும்பிக் குதிரையிடம் சொன்னார். “தப்பிச்சடா மேனேஜர். போன முகூர்த்தத்துல ஏறினவன் நூத்திப் பத்து. ஐயோ பாவம், இன்னும் இடுப்பு வலிக்குது உனுக்கு.”

அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பூட்டிக் கிடந்த ஒரு குடோனின் லோடிங் மேடைதான் நான் குதிரை ஏறும் இடம். பிசியோ மேடம் சேணம் வேண்டாம், தடித்த கம்பளி போதும் என்றார். ஹெல்மெட் கட்டாயம் என்றார். அப்பா தன் கம்பெனி மஞ்சள் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினார். இடதுபக்கம் அப்பா, வலதுபக்கம் மேடம், முன்னால் கயிற்றோடு ஊர்வலம். எல்லாம் தயார். மேனேஜர் மட்டும் நகரவில்லை.

“டூட்டி டிரெஸ் போடலல்ல, எப்பிடி நடப்பான்?” என்றார் ஊர்வலம். “யூனிபார்ம் இல்லாம உங்க கம்பெனில உள்ள உடுவானா?”

ஜரிகைப் போர்வை வந்தது. நெற்றிச் சுட்டி, கழுத்து மணி, காலுக்குச் சலங்கை எல்லாம் வந்தன. கடைசியில் குடையும் விரிந்தது. அப்புறம்தான் மேனேஜர் ஓர் அடி எடுத்து வைத்தான். காலை ஆறரை மணி, கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற நேரம். மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒரு பெண் தனியாகக் கல்யாண ஊர்வலம் போவதைப் பார்த்து ஜன்னலுக்கு ஜன்னல் விசில் பறந்தது. மானம் போகிறதே என்று நினைக்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இருபதாவது அடியில் குதிரையின் கழுத்தின்மேல் குப்புறச் சரிந்துவிட்டேன்.

அப்பா பதறினார். மேடம் பிடித்தார். ஊர்வலம் திரும்பிப் பார்த்தார். அவர் கணக்கில் குதிரைமேல் ஏறியவர் யாராக இருந்தாலும் மாப்பிள்ளைதான்.

“மாப்ள, குதிரை கழுத்துல சாஞ்சிக்கினு வந்தவனுங்களை நானும் பாத்துகீறேன். அவனுங்க குடிச்சிருந்தானுங்க. நீ குடிச்சியா?”

“இல்ல நைனா.”

“அப்ப நிமிரு.”

அவ்வளவுதான் அவருடைய வைத்தியம்.

இரண்டாம் நாள் இன்னொரு தொல்லை கிளம்பியது. மேனேஜர் கல்யாணக் குதிரை. வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுப்பார்கள், நின்று நின்று பழக்கம். பெண்பிள்ளை கையில் தட்டைப் பார்த்துவிட்டால் நின்றுவிடுவான். தட்டு சுற்றினால்தான் அடுத்த அடி. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா தட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். மேனேஜர் போய் அவர் முன்னால் நின்றான்.

“யம்மா, சுத்தும்மா!” என்றார் ஊர்வலம்.

“எதை நைனா சுத்தறது? மீனையா?”

“அவனுக்கு இன்னா தெரியும்? தட்டு சுத்தணும், அவ்ளோதான்.”

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க நைனா!”

“அவன் எங்கியும் போறதில்லம்மா. நீ சுத்து!”

ஸ்டெல்லா அக்கா நெத்திலித் தட்டை மூன்று சுற்று சுற்றினார். மேனேஜர் நகர்ந்தான். அடுத்த வீட்டில் இட்லித் தட்டு. அதற்கடுத்த வீட்டில் கோலமாவுத் தட்டு. குதிரை நிற்கும்போது என் உடம்பு முன்னால் போகும், கிளம்பும்போது பின்னால் போகும். ஒவ்வொரு தடவையும் என் முதுகு என்னை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு வந்த பிசியோ மேடம் பத்தாவது நாள் அடிப்பதை நிறுத்தினார்.

“நான் கொடுக்கற பயிற்சியே இதுதான். நிக்கறது, கிளம்பறது, திரும்பறது. உங்க தெருவே செஞ்சிடுது” என்றார்.

அவர்தான் எனக்கு விளக்கினார். குதிரை நடக்கும்போது நம் இடுப்பை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைக்கிறது. மனுஷர்கள் நடக்கும்போது இடுப்பு அசைவதும் அப்படித்தான். ஒழுங்காக ஓர் அடி நடந்திராத என் இடுப்புக்கு, நடை என்றால் என்ன என்று குதிரை சொல்லிக்கொடுக்கிறது. அதன் உடம்புச் சூட்டில் இறுகிய தொடை இளகும். இதனால் வியாதி தீராது, ஆனால் உடம்பு பழகும் என்றார். சரியாகத்தான் சொன்னார். முன்பெல்லாம் என் கால்களைப் பிரித்து வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு மாதத்தில் அம்மா ஒரு கையால் எனக்குச் சல்வார் மாட்டிவிட்டாள். மாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். நான் அதட்டினேன்.

அதைவிடப் பெரிய அதிசயம் தெருவில் நடந்தது. ‘பாவம் அந்தப் பொண்ணு’ என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தவர்கள், ஆறரைக்கெல்லாம் தட்டோடு வாசலில் நின்று கத்த ஆரம்பித்தார்கள். “சீக்கிரம் வந்து தொலைம்மா! நாஷ்டா கட்டணும், பஸ்ஸு போய்டும்! தெனம் உன்னோட பேஜாரு!” பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஊரார் என்மேல் எரிச்சல்பட்டார்கள். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊர்வலமும் சும்மா இல்லை. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மாப்பிள்ளைகளை வறுத்தெடுத்தார். “எங்க தெருவுல ஒரு பொண்ணு. முதுகே நிக்காது. அது கம்பம் மாதிரி உக்காருது. உனுக்கு இன்னாய்யா? நிமிரு!” ஒரு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பாதி வழியில் இறங்கி மண்டபத்துக்கு நடந்தே போய்விட்டாராம். அதைச் சொல்லும்போது ஊர்வலத்தின் முகத்தில் கொஞ்சமும் வருத்தமில்லை.

கம்பெனி டெஸ்டுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கு மெயின் ரோடு முனையில் திரும்பினோம். எதிரே ஒரு பெரியவரின் சாவு ஊர்வலம். மேளம் இடி மாதிரி விழுந்தது.

மேனேஜருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மேளம் அடித்தால் ஆட வேண்டும்.

ஆடினான். முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி, தலையை உலுக்கி, பக்கவாட்டில் துள்ளி, சலங்கை அதிர ஆடினான். முதல் துள்ளலில் அப்பா ஒருபக்கம் விழுந்தார், மேடம் மறுபக்கம். என்னைப் பிடிக்க ஆளே இல்லை. ஊர்வலம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். குதிரை இடப்பக்கம் துள்ளினால் என் இடுப்பு வலப்பக்கம் போனது. முன்னால் சாய்ந்தால் முதுகு பின்னால் இழுத்தது. நான் எதுவும் செய்யவில்லை. அதுவாகவே செய்தது. இருபத்திரண்டு வருஷமாக என் சொல் கேட்காத முதுகு அன்றைக்குத் தானே வேலைக்கு வந்துவிட்டது.

மேளம் நின்றது. குதிரையும் நின்றது. நான் அதன்மேல் நேராக உட்கார்ந்திருந்தேன். ஊர்வலம் தலைப்பாகையைக் கழற்றிப் பாடையைப் பார்த்துக் கும்பிட்டார்.

“பெருசு, மன்னிச்சிக்கோ. இவனுக்கு மேளம்னா மேளம்தான். எந்த ஊட்டு மேளம்னுலாம் தெரியாது.”

அடிக்க வந்த நாலு பேரைத் தடுத்தது அந்தப் பெரியவரின் மனைவிதான். “உடுங்கடா. அந்த மனுஷனுக்குக் குதிரை ஏறணும்னு அவ்ளோ ஆச. எங்க கல்யாணத்துல மாட்டுவண்டிதான் கெடச்சுது. இன்னிக்காவது முன்னால ஒரு குதிரை ஆடுச்சே” என்றது அந்தக் கிழவி.

பிசியோ மேடம் முழங்கையில் ரத்தத்தோடு எழுந்தார். “இது சிகிச்சையே இல்ல, சர்க்கஸ்! இனிமே மேளச் சத்தம் கேட்டா குதிரை வெளிய வரக் கூடாது!” என்று நைனாவைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “விழலல்ல நீ?” என்றார். என் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

தேர்வாய் கண்டிகையில் அதே எச்.ஆர். ஆசாமி கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்தார். சாய ஒன்றுமில்லாத இரும்பு ஸ்டூல். ஒரு மணி நேரம் சுலபமாகப் போனது. ஒன்றரை மணியில் இடுப்பு எரிந்தது. அதற்கப்புறம் தோள் சரிய ஆரம்பித்தது. அவர் பேனாவை எடுத்தார். நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன்: நீ குடிச்சியா? இல்லை. அப்ப நிமிரு. நிமிர்ந்தேன். அந்தக் கடைசி அரைமணியில் இதை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். இரண்டு மணி நேரம் ஆனதும் அவர் எழுந்தார். நான் எழவில்லை. இன்னும் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டுதான் ஸ்டூலைவிட்டு இறங்கினேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் முழு அலங்காரத்தோடு மேனேஜர். செக்யூரிட்டியோடு ஊர்வலம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். “எங்க மாப்ள உள்ள கீது, நீ இன்னாய்யா போ போன்ற?” என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். “இன்னா ஆச்சு?” என்று கேட்கவில்லை. என் முதுகை ஒரு பார்வை பார்த்தார். அந்த செக்யூரிட்டியின் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கி என் முன்னால் மூன்று சுற்று சுற்றினார். தட்டில் இருந்தது எலுமிச்சை சாதம்.

குதிரை ஏறி நான் எழுந்து நடந்துவிட்டதாக யாரும் பரப்ப வேண்டாம். இன்றைக்கும் வாக்கர்தான். ஆறு வருஷமாக அதே லைனில் இருக்கிறேன். போன வருஷம் சண்டை போட்டு எல்லோருக்கும் முதுகு வைத்த நாற்காலி வாங்கிவிட்டேன். நானும் நன்றாகச் சாய்ந்துதான் உட்காருகிறேன். என் முதுகு யாருக்கும் இனி பரீட்சை எழுதாது.

மேனேஜர் இப்போது ரிட்டயர்டு. குடோன் நிழலில் நின்று புல் தின்கிறான். ஊர்வலத்துக்கும் வயதாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குப் போனேன். அவர் பெஞ்சில் கூனிப்போய் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை மட்டும் அப்படியே இருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும், நான் வாழ்நாளெல்லாம் வெறுத்த இரண்டு வார்த்தைகள் என் தொண்டைவரை வந்துவிட்டன. விழுங்கிவிட்டேன்.

“குடிச்சியா நைனா?”

திரும்பிப் பார்த்தார். “இல்ல மாப்ள.”

“அப்ப நிமிரு.”

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். முழுதாக நிமிரும்வரை நானும் வாக்கரை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றேன். டீ ஆறிப்போனது.