வெங்காயப் பட்டறைக்குள் வண்டி நிறுத்தியது

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது எதையாவது விளக்கிச் சொன்னால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையை ஆட்டிவிடுவேன். இரண்டாம் தடவை கேட்க வெட்கம். ஐந்தாம் வகுப்பில் டீச்சர் வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தபோது ஆட்ட ஆரம்பித்த தலை, அறுபத்தைந்து வயதிலும் நிற்கவில்லை. (வகுத்தல் இன்றைக்கும் வராது.) பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் நான் ஆட்டுகிற வேகத்தைப் பார்த்து, இந்தம்மா விவரமானவர் என்று நினைத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் வெளியே வந்து வாட்ச்மேனிடம் கேட்டுக்கொள்வேன்.

அப்படி ஒருநாள் ஆட்டியதால், நான் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் என் கொழுந்தனாரின் வெங்காயப் பட்டறைக்குள் நிறுத்தினேன்.

என் வீட்டுக்காரருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடந்துகொண்டிருந்த சமயம். வீட்டிலிருந்து, பருத்தி போட்டிருந்த எங்கள் கொல்லை ஒரு கிலோமீட்டர். பைக்கில் உட்கார முடியாது, நடக்கவும் முடியாது. பெரம்பலூர் பக்கத்துக் கரிசல் மண் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மழை விழுந்தால் போதும், செருப்பைப் பிடுங்கிக்கொண்டு காலையும் கொடு என்று கேட்கும். பருத்தியைப் பார்க்காமல் மனுஷன் பாதியாகிவிட்டார். "பூ வுட்டுருக்கா?" என்று தினம் கேட்பார். நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவேன். நான் எடுக்கிற படத்தில் என் கட்டைவிரல்தான் நன்றாக விழும்.

எங்கள் மகன் இளங்கோ அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். அங்கே மேடு பள்ளத்தில் ஓடிக் களைத்த ஒரு சின்ன வண்டியை விற்கிறார்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தான். கதவு கிடையாது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மூட்டை ஏற்ற ஒரு தொட்டி. நான்கு சக்கரமும் உப்பிப்போய், பச்சைக் கலரில், உட்கார்ந்திருக்கிற தவளை மாதிரி இருக்கும். ஊரே தவளை வண்டி என்று பேர் வைத்துவிட்டது. இளங்கோ காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். ஆகவே ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியது நான்தான். களத்தில் இருபது நாள் சுற்றினேன். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான். யாராவது வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, சும்மா துடைக்க வந்தவள் போல முந்தானையால் துடைப்பேன். அவ்வளவு சுத்தமாக எந்த வண்டியும் இருந்திருக்காது.

அதில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதை இளங்கோ எனக்கு விளக்கிய காலை நேரம், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"வண்டி திரும்புறப்ப முன்சக்கரம் ரெண்டும் ஒரே மாதிரி சுத்தாதும்மா. வெளிப்பக்கத்துச் சக்கரம் கொஞ்சம் கூடச் சுத்தும். அதுக்குத்தான் நடுவுல டிஃபரன்ஷியல்னு ஒண்ணு இருக்கு. ஆனா சேத்துல மாட்டினா ஒரு சக்கரம் வழுக்கிச் சும்மா சுத்தும், இன்னொண்ணு அப்படியே நிக்கும். அப்ப வண்டிய நிறுத்திட்டு இந்த லாக்கைப் போட்டீன்னா, ரெண்டையும் சேத்துக் கட்டின மாதிரி ஒண்ணா சுத்தி இழுத்துடும்."

இதுவரை எனக்குப் புரிந்தது. இதற்குப் பிறகும் அவன் ஏதோ சொன்னான். நான் பாலை இறக்க உள்ளே ஓடிவிட்டேன். அங்கிருந்தே தலையை ஆட்டினேன். அவன் பார்த்தானோ இல்லையோ, நான் ஆட்டினேன்.

ஆனால் அவன் சொன்னது காதில் ஏறாததற்குப் பால் மட்டும் காரணம் இல்லை. அப்போது வீட்டில் வேறொரு கவலை இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. நான் சின்னவர் என்றுதான் சொல்வேன். கொல்லைக்குப் போகிற பாதை வளைகிற இடத்தில் அவர் வீடு. ஏழு வருஷமாக அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லை. எங்கள் மகள் கல்யாணத்தில் சின்னவரைப் பந்தி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேடையில் குடும்பத்தோடு போட்டோ எடுத்தபோது கூப்பிட மறந்துவிட்டோம். அவர் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாராம். "சாம்பார் ஊத்த மட்டும் தம்பி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். என் வீட்டுக்காரர், மறந்தது தப்பு என்று அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மனசுக்குள் அது கிடந்து ஊறியது.

சின்னவர் மகள் நிவேதாவைச் சின்ன வயசில் தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது என் வீட்டுக்காரர்தான். இப்போது அவளுக்குச் செந்துறையில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் முடிவாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பங்காளி வீட்டுக்குப் பத்திரிகை என்றால் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தாம்பாளத்தில் வெற்றிலைப் பாக்கு பழத்தோடு வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். சின்னவர் பால்காரரிடம் கொடுத்தனுப்பினார். பால்காரர் கேனுக்கும் சீட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டு வந்து கொடுத்தார். இவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டார்.

"என் வூட்டு வாசப்படி ஏறி வந்து வச்சாத்தான் போவேன்" என்றார் இவர். மல்லிகா, சின்னவர் பெண்டாட்டி, கோயிலில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள், சின்னவரும், "முதல்ல அவரு என் வாசலுக்கு வரட்டும்" என்கிறாராம். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பெரியப்பா இல்லாமல் அந்தப் பிள்ளை மணவறையில் உட்காரப்போகிறாளே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கும்தான். ஆனால் அவர் பருத்தியைப் பற்றிப் பேசுவார்.

அன்றைக்குக் காலையில் மழை விட்டிருந்தது. வாக்கரைப் பின்தொட்டியில் போட்டு, அவரை ஏற்றி, கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வளைவில் சின்னவர் வீட்டைக் கடந்தபோது அவர் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் வேப்ப மரத்தைப் பார்த்தார். பருத்தி பூ விட்டிருந்தது. அவர் வண்டியில் இருந்தபடியே கைநீட்டி ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார், புழு இருக்கிறதா என்று. முகம் தெளிந்துவிட்டது. எனக்கு அந்த நிமிஷம் கலெக்டர் வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது வரப்போரம் சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டது. ஒரு முன்சக்கரம் சும்மா சுற்றி அவர் வேட்டியெல்லாம் கரிசலை அடித்தது.

"இளங்கோவக் கூப்பிடு" என்றார்.

நான் அந்த ஸ்விட்சைப் போட்டேன். மெதுவாக மிதித்தேன். தவளை ஒரு முக்கு முக்கி வெளியே ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், நாற்பத்து மூன்று வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. அந்தப் பார்வையில்தான் நான் கெட்டேன்.

லாக்கை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர், கரண்ட் போனால் தானே விழுந்துவிடும். நாம் ஓடிப்போய் நிறுத்த வேண்டியதில்லை. அதுபோல் சேறு போனால் லாக்கும் தானே விழுந்துவிடும் என்று என் கணக்கு. லாக் போட்டிருப்பது தெரிவதற்கு ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு உண்டாம். லாக் இருக்கிறவரை எரியுமாம். ஆனால் ஆயுத பூஜைக்கு நான் அரிவாள், மிக்சி, ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, இந்த வண்டியின் விளக்குக் கண்ணாடியிலும் வரிசையாக வைத்திருந்தேன். நான் வைக்கிற பொட்டு எட்டணாக் காசு அளவுக்கு இருக்கும். அதற்குப் பின்னால் விளக்கு பாவம், எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டியரிங் கொஞ்சம் கனமாக இருந்தது. சேறு ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். வளைவு வந்தது. இடதுபக்கம் ஒடித்தேன். வரவில்லை. இன்னும் ஒடித்தேன். வண்டி, நீ என்ன சொல்வது என்று நேராகவே போயிற்று. உடம்பை எல்லாம் சாய்த்துத் திருப்பினேன். உடம்பு சாய்ந்த வேகத்தில் கால் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்துவிட்டது.

"திருப்புடி" என்றார்.

"திருப்பிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

"எங்கடி திருப்புற? அது அவன் வூடு."

கிளுவை வேலியைப் பிளந்துகொண்டு, சின்னவர் வீட்டு முற்றத்தைத் தாண்டி, அவர் விதைக்காக வைத்திருந்த சின்ன வெங்காயப் பட்டறையில் போய் முட்டி நின்றோம். பட்டறை என்றால் வேறு ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. தரைக்கு மேலே காற்றோட்டமாக மேடை கட்டி, நீளமாக வெங்காயத்தைக் குவித்து, மேலே கீற்றுப் போட்டுக் கட்டிவைப்பது. அது பக்கவாட்டில் சரிந்து, வெங்காயம் எங்கள் மடியில், காலடியில், முற்றம் முழுக்க உருண்டது.

சின்னவர் வெளியே வந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தவர்போல, பத்து விரலும் மஞ்சள். என்னைப் பார்த்தார், பட்டறையைப் பார்த்தார், அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணன் நேரே கீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படியே வெங்காயத்துக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது.

பின்னால் எடுத்துவிட்டால் போதும் என்று ரிவர்ஸ் போட்டேன். போன வழியே நேராகப் பின்னால் போயிற்று. திருப்பப் பார்த்து முன்னால் எடுத்தேன். மறுபடி பட்டறையில் முட்டியது. மூன்றாம் தடவை நான் கியரில் கை வைத்ததும் சின்னவர் கும்பிடு போட்டார்.

"அண்ணி, போதும். மிச்சம் இருக்கிற வெதையாச்சும் இருக்கட்டும்."

அப்புறம், வாசலுக்கு வந்தவர்களை வா என்று சொல்லாமல் இருக்க எங்கள் பக்கம் முடியாது. ஆகவே, "வாங்க அண்ணி" என்றார். என்னை மட்டும்.

என் வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒன்னத்தான் கூப்புடுறான். நீ எறங்கு. நான் இப்படியே இருக்கேன்." இறங்கினாலும் அவரால் நடக்க முடியாது. வாக்கர் தொட்டியில் வெங்காயத்துக்கு அடியில் கிடந்தது.

வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. விதை வெங்காயம் ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும். மல்லிகாவும் நானும் முறத்தில் அள்ள ஆரம்பித்தோம். நிவேதா உள்ளிருந்து சாக்குகளோடு ஓடிவந்தாள். இவர் வண்டியில் உட்கார்ந்தபடி நெளிந்தார். காலமெல்லாம் வெங்காயம் போட்ட மனுஷனால் அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"அடிபட்டத நல்லதோட சேக்கக் கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார் என்னிடம்.

"எனக்குத் தெரியும்னு சொல்லுங்க அண்ணி" என்றார் சின்னவர், மூன்றடி தூரத்தில் இருந்து.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் தலையை ஆட்டினேன்.

நிவேதாதான் ஒரு முறம் வெங்காயத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். "பெரியப்பா, நீங்க பிரிச்சுக் குடுங்க. எங்களுக்கு வராது" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பிரிக்க ஆரம்பித்தார். நல்லது ஒரு பக்கம், நசுங்கியது ஒரு பக்கம். முறம் முறமாக வந்தது. கொண்டுவந்தது முதலில் நிவேதா, அப்புறம் மல்லிகா, அப்புறம் யார் கொண்டுவருகிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்காமலே அவர் கை வாங்கிக்கொண்டது. பார்த்தால் முறத்தின் விளிம்பில் மஞ்சள் விரல்கள்.

இரண்டு பேர் கையும் அப்படியே நின்றது.

"போட்டோவுக்கு ஒன்னக் கூப்புடாம வுட்டது என் தப்புதான்டா" என்றார் இவர். ஏழு வருஷத்துச் சோறு அன்றைக்குத்தான் செரித்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

சின்னவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது தோளில் துண்டு, கையில் தாம்பாளம், வெற்றிலைப் பாக்கு, பழம், பத்திரிகை. பின்னால் மல்லிகா, அவசரமாகப் பூ வைத்துக்கொண்டே வந்தாள். அவர் வண்டியைச் சுற்றிவந்து, நான் இறங்கிய பக்கமாக ஏறி, என் சீட்டில் உட்கார்ந்தார்.

"இது ஒங்க வண்டி. ஒங்க வூட்டுக்கு வந்து வச்சதாவே இருக்கட்டும். பாப்பா கல்யாணத்துக்கு வந்து நடத்திக் குடுக்கணும், அண்ணே."

இவர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் வந்து வைத்தாயிற்று, இவர் வாசலுக்கு வந்தாயிற்று. இரண்டு பேர் வீம்பும் ஒரு கீறல் இல்லாமல் பிழைத்தது. பட்டறைதான் பிழைக்கவில்லை.

சாயங்காலம் இளங்கோ வந்து வண்டியைப் பார்த்தான். என் பொட்டை விரலால் வழித்து எடுத்தான். உள்ளே விளக்கு எரிந்தது. "வெளிய வந்த உடனே லாக்க எடுத்துடணும், இல்லன்னா ஸ்டியரிங் திரும்பாதுன்னு சொன்னேனேம்மா. நீயும் தலையாட்டினியே" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆட்டவில்லை.

நிவேதா கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது பெரியப்பா வாக்கர் பிடித்துப் பக்கத்திலேயே நின்றார். மாப்பிள்ளை வீட்டார் என்னைக் காட்டி, வேலியை உடைத்துப் பத்திரிகை வாங்கிக்கொண்டு போன பெரியம்மா இவர்தானா என்று கேட்டார்களாம். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது யாரிடமாவது பேசாமல் இருந்தால், "அந்தம்மாவக் கூப்புட்டு வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். நான் வேண்டுமென்றே செய்தேன் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். என் வீட்டுக்காரரும்தான். இல்லை, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர்கூட நம்பவில்லை. இப்போதெல்லாம் சொல்வதில்லை.

சின்னவர் அந்த வேலியை அடைக்கவே இல்லை. பிளந்த இடத்தில் இரண்டு மூங்கிலை நட்டு, வண்டி போகிற அகலத்துக்கு வழி விட்டுவைத்திருக்கிறார். பட்டறையை மட்டும் வீட்டுக்குப் பின்னால் தள்ளிக் கட்டிக்கொண்டார். போன வாரம் கொல்லையில் இருந்து திரும்பும்போது, லாக் இல்லை, விளக்கு இல்லை, எல்லாவற்றையும் ஒருதடவைக்கு இரண்டுதடவை பார்த்துவிட்டு, வளைவில் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தேன். நன்றாகத் திரும்பியது.

இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "திருப்பாத, நேராவே வுடு" என்றார்.