மொக்கம்மாளுக்குத் தெரியாத மலையாளம்

இனிமேல் வீட்டில் ரகசியம் பேசுவதென்றால் மலையாளத்தில்தான் பேசுவது என்று ஒரு நாள் தீர்மானம் செய்தேன். தமிழில் பேசி மாட்டிக்கொண்டது போதும். என் மனைவி மொக்கம்மாள் கொல்லையில் உலக்கை போட்டுக்கொண்டிருப்பாள். நான் வாசலில் முணுமுணுத்தால் உலக்கை நின்றுவிடும். அப்படிப்பட்ட காது!

நானும் அடுத்த வீட்டு ஞானசிகாமணியும் குமுளிக்கு மேலே ஒரு துரையின் ஏலக்காய்த் தோட்டத்தில் குப்பை கொட்டியவர்கள். மலையாளம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொக்கம்மாளோ எங்கள் கம்பத்தை விட்டு மலைப்பக்கமே ஏறியதில்லை.

இருந்தாலும் சோதித்துப் பார்க்க வேண்டாமா? அன்று சுரைக்காய்க் குழம்பு. முகமெல்லாம் சிரிப்பாக வைத்துக்கொண்டு, "இன்னத்தெ கூட்டான் வாயில் வெக்கான் கொள்ளில்ல" என்றேன். இன்றைய குழம்பை வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம். அவளும் சிரித்தாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள். பாராட்டு என்று நினைத்துவிட்டாள், பாவம்! எனக்கு ஒரே குஷி.

விஷயம் வேறொன்றுமில்லை. மொக்கம்மாள் ஒரு செஞ்சேவல் வளர்த்தாள். நான் கறி தின்று மாசக்கணக்காகிறது. அதுவோ என் கண்ணெதிரே கொழுத்துக்கொண்டே போனது. "பிள்ள மாதிரி வளக்குறேன், கை வச்சீக, அவ்வளவுதான்" என்று உத்தரவு வேறு. வெள்ளிக்கிழமை அவள் தேவதானப்பட்டியில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போகிறாள். அன்றைக்குச் சேவலைக் குழம்பாக்கிவிட்டுப் பழியைக் காட்டுப்பூனை தலையில் போட்டுவிட வேண்டும்.

இத்தனையையும் அவள் எதிரிலேயே, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, சிகாமணியும் நானும் மலையாளத்தில் பேசி முடித்தோம். சேவலைக்கூட மலையாள வழக்கப்படிப் 'பூவன்' என்றுதான் சொன்னோம். அத்தனை ஜாக்கிரதை! அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கூடையும் கையுமாகக் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறினாள். பஸ் மறைந்ததுதான் தாமதம், சிகாமணி அம்மியில் மசாலா அரைக்க உட்கார்ந்துவிட்டான். நான் கத்தியைத் தீட்டிக்கொண்டு போய், சேவலை அடைக்கும் பஞ்சாரத்தைத் தூக்கினேன்.

காலி!

சாயங்காலம் திரும்பி வந்தாள். கூடைக்குள்ளிருந்து செஞ்சேவல் தலையை நீட்டி, என்னைப் பார்த்து ஒரு கூவல் போட்டது.

"சேவல எதுக்கு அங்கன தூக்கிட்டுப் போன?"

"அதுவும் நாலு ஊரு பாக்கட்டுமே."

"ஏய், நெசத்தச் சொல்லு. மலையாளம் எப்பப் படிச்ச?"

"நானா? ஒரு எழவும் தெரியாது."

"பெறகு?"

"தமிழு இருக்கயில மலையாளத்துக்குப் போனீகன்னா, எனக்கு ஆகாத காரியம்னுதான அர்த்தம்? பேசயில உங்க கண்ணு பஞ்சாரத்து மேல. சிகாமணி அண்ணன் சப்புக்கொட்டுறாக. நீங்க பேச்சுக்குப் பேச்சு எச்சி முழுங்குறீக. இதுக்குப் பாஷ வேற தெரியணுமாக்கும்?"

"அப்ப... அன்னைக்குச் சொரக்காக் கொழம்பு..."

"மொகம் சிரிச்சுச்சு. கொரலு சிரிக்கலையே! வையுறீகன்னு தெரிஞ்சுதான இன்னொரு கரண்டி ஊத்துனேன்."

சிகாமணி சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட்டான். அரைத்த மசாலா வீணாகக் கூடாதாம். அதையும் சுரைக்காயிலேயே போட்டுக் கொதிக்கவைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேவல் பக்கத்திலேயே நின்று சோற்றைக் கொத்தியது.

"எப்படி இருக்கு?"

"அமிர்தம்!" என்றேன். சுத்தத் தமிழில்தான் சொன்னேன்.

மொக்கம்மாள் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.