மாமனார் வயலும் போர்நிறுத்தக் கோடும்

பன்முன்ஜம்
நவம்பர் 1951

பெருமதிப்பிற்குரிய மாமா ஹாம் தக்-போ அவர்களுக்கு, மருமகன் கேப்டன் பியோ மன்-ஹோ தலை தாழ்த்தி எழுதுவது. பூசான் குளிரில் தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தை குளிர்காலக் கிம்ச்சியைப் போட்டு முடித்துவிட்டார்களா? இங்கே நான் நலம். கூடாரத்துக்குள் கால் மட்டும் விறைக்கிறது.

"பேச்சுவார்த்தையில நம்ம மாப்பிள்ளை இருக்கும்போது வயல் எப்படிப் போகும்?" என்று அகதி முகாம் முழுக்கத் தாங்கள் சொல்லிவருவதாகத் தங்கள் மகள் இன்-சுக் எழுதியிருந்தாள். மாமா, நான் மேஜையில் உட்காருகிறவன் இல்லை, பின்னால் நின்று மொழிபெயர்க்கிறவன். நம் அரசாங்கம் வடக்கு எல்லையான யாலு ஆறு வரைக்கும் வேண்டும் என்கிறது. அமெரிக்க நண்பர்கள் அதை மரியாதையாகக் குறித்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். எதிரி பேசினால் எனக்கு உடனே புரிகிறது, நண்பர்கள் பேசினால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர் கேசோங் எதிரி பக்கமே போய்விட்டது. ஊருக்கு வெளியே குன்றடியில் இருக்கிற நம் ஜின்செங் கிழங்கு வயலாவது மிஞ்சட்டும் என்று, வரைபடத்தில் கோடு போடும் அமெரிக்கக் கர்னல் ஹாஸ்கெல்லிடம் சாப்பாட்டு வேளையில் மெல்லப் பேச்செடுத்தேன். கிழங்குக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வருடம் மண்ணில் இருந்தால் போதும் என்றேன். அவருடைய நீலப் பென்சில் முனைக்கு அடியில் நம் வயல் முழுதாக மறைந்திருந்தது.

"உங்க மாமனார் வயலுக்காக நாங்க சண்டையை நிறுத்தாம இருக்கணுமா?" என்றார்.

"தாராளமா நிறுத்துங்க. கொஞ்சம் வடக்கே தள்ளி நிறுத்துங்க" என்றேன்.

சிரித்தார். ஆனால் மதியம் கூடாரத்தில், அந்தக் குன்று எங்களுக்கு ராணுவ முக்கியத்துவம் உள்ளது என்று ஒரே போடாகப் போட்டார். எதிர்ப்பக்கம் மேஜர் கூ என்று ஒருவர், அசல் கேசோங்காரர், என்னைப் பார்த்து நம் ஊர்ப் பேச்சிலேயே, "டேய், அது ஹாம் கிழவன் வயல்தானே? எங்க சித்தப்பாகிட்டேருந்து புடுங்குனதுடா அது" என்றார். என்ன சொல்கிறார் என்று கர்னல் கேட்டார். எதிர்த்தரப்பு வரலாற்று உரிமை கோருகிறது என்று மொழிபெயர்த்தேன். அவ்வளவுதான், பேச்சு முடங்கிவிட்டது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் 'கடும் இழுபறி' என்று எழுதின, பார்த்திருப்பீர்கள். மலைப்பக்கம் பீரங்கி ஓயவே இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் மேஜையில் கோப்பை அதிர, நாங்கள் உங்கள் வயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு சேற்று நிலத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துக் குன்றை நாங்கள் வாங்கிவிட்டோம். மாமா, வயல் நம் பக்கம்! முகாமில் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அத்தைக்கு என் வணக்கம், இன்-சுக்குக்கு என் அன்பு. வருகிற இலையுதிர் காலத்தில் ஆறு வயதுக் கிழங்கைத் தங்கள் கையாலேயே தோண்டி எடுக்கும் பாக்கியம் கிட்டட்டும்.

தங்கள் பணிவுள்ள மருமகன்,
மன்-ஹோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒப்பந்தத்தின் அடுத்த பத்தியை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். கோட்டுக்கு இருபுறமும் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு மனிதர் யாரும் பயிர் செய்யவோ கால் வைக்கவோ கூடாதாம். வயல் அதற்குள் நட்டநடுவில் இருக்கிறது. மேஜர் கூவிடம் கேட்டேன். "எங்க சித்தப்பாவும் போக முடியாதுடா" என்றார். தங்களுக்கு அது ஆறுதலாக இருக்குமே என்று எழுதுகிறேன்.