சாவியக்காவுக்குப் பூஜ்யம்

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. காரணம் எளிது. அப்போது தேர்வுக் குழு இல்லை, மதிப்பெண் பட்டியல் இல்லை, கூட்டக் குறிப்பேடு இல்லை. யாரோ ஒருவர் இரண்டு கல்லை உரசினார், கறி வெந்தது, எல்லாரும் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்கள். இந்தப் பொறுப்பின்மையிலிருந்து மனித குலத்தைக் கைதூக்கிவிட்டது குழுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் ஒரு குழுவுக்குத் தலைவராக இருந்தவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

எங்களுக்குக் கடலோரத்தில் ஒரு சிறிய வீடு உண்டு. இரண்டு படுக்கையறை, ஒரு மொட்டைமாடி, உப்புக் காற்றில் வருடம் தவறாமல் துருப்பிடிக்கும் ஒரு கேட். நானும் மனைவியும் இருபது வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது. நாங்கள் இருப்பது ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் என்பதால், விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அதை நாள் வாடகைக்கு விட்டிருந்தோம்.

வீட்டைப் பார்த்துக்கொண்டது பக்கத்துத் தெருவில் இருக்கும் சாவியக்கா. ஐந்து வீட்டுச் சாவிகளை ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகியிருப்பார், அதனால் அந்தப் பெயர். ஆள் வந்தால் கதவைத் திறப்பார். போனால் படுக்கை விரிப்பை மாற்றுவார். குழாய் ஒழுகினால் முறுக்குவார், குழந்தை அழுதால் தூக்கிக்கொள்வார். மூன்று வருடத்தில் ஒரு புகார்கூட வரவில்லை.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. புகாரே வராத நிர்வாகம் என்ன நிர்வாகம்? புகாரைப் பதிவு செய்ய ஒரு 'முறை' இல்லை என்றுதானே அதற்குப் பொருள்?

என் உறுத்தலை மச்சானிடம் சொன்னேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டுத் துளை இருக்க வேண்டிய பிஸ்கட்டில் பதினேழு இருந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

"மாப்ளே, அந்தம்மாவுக்கு வெப்சைட் இருக்கா?"

"இல்ல மச்சான்."

"லோகோ?"

"அதுவும் இல்ல."

"அப்ப எதை நம்பி வீட்டைக் குடுத்தீங்க?"

"நல்லாப் பாத்துக்கிறாங்களேன்னு..."

மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெல்லாம் ஒரு அளவுகோலா மாப்ளே?"

அன்றே 'விடுமுறை இல்ல நிர்வாக நிறுவனத் தேர்வுக் குழு' உதயமானது. நான் தலைவர், மச்சான் செயலாளர். குழு என்றால் மூன்று பேராவது வேண்டும் என்பதால் மனைவி உறுப்பினர். முதல் கூட்டம் எங்கள் சாப்பாட்டு மேசையில், சாப்பாட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, முறைப்படி தொடங்கியது.

"ஏங்க, அக்கா இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" என்றாள் மனைவி.

"ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லிக்கொண்டே மச்சான் குறிப்பேட்டில் எழுதினார்.

"சரிண்ணா, அதுக்குப் பதில் என்ன?"

"பதிவு பண்ணியாச்சும்மா. அதான் பதில்."

அவள் ஓரமாகத் தள்ளிய சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். யாரை வேணா வைங்க. லீவுல முதல் பத்து நாள் வீடு நமக்கு வேணும். தங்கச்சி ஆறு வருஷம் கழிச்சுப் பிள்ளைங்களோட வர்றா. அந்தப் பத்து நாள்ல யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள். அதுவும் பதிவு செய்யப்பட்டது, 'இதர' என்ற தலைப்பின் கீழ்.

மூன்று நிறுவனங்கள் வந்தன. முதல் நிறுவனத்துக்காரர், "வீட்டை ஒரு தடவை பாத்துட்டுத்தான் எதையும் சொல்ல முடியும்" என்றார். தன்னம்பிக்கைக் குறைவு, நிராகரித்தோம். இரண்டாமவர் எந்தக் கிழமை எதைத் துடைப்பார்கள் என்று பட்டியல் நீட்டினார். அதில் துடைப்பது மட்டுமே இருந்தது, தொலைநோக்கு இல்லை. மூன்றாவதாக வந்த இளைஞர் எங்கள் சுவரிலேயே படம் ஓட்டிக் காட்டினார்.

"நாங்க வீட்டை நிர்வகிக்கிறதில்ல சார். அனுபவத்தை நிர்வகிக்கிறோம்."

"அப்ப வீட்டை யாரு பாப்பாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அது அனுபவத்துக்குள்ளயே வந்துடும் மேடம்."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் அவர் உணர்ச்சிக்கு இடம் கொடுக்கிறவர் அல்ல. இறுதிச் சுற்றாகத் 'தொலைபேசித் தேர்வு' ஒன்றை வடிவமைத்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நேரத்தில் போன் செய்வது. முதல் மணியில் எடுத்தால் நூறு மதிப்பெண், எடுக்கவே இல்லை என்றால் பூஜ்யம். நீதி எல்லாருக்கும் பொது என்பதால் சாவியக்காவும் தேர்வில் சேர்க்கப்பட்டார். அவருக்கு மட்டும் அது தெரிவிக்கப்படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தேர்வு நடந்தது. மூன்றாவது நிறுவனத்தில் முதல் மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது ஒரு தேன் குரல். பின்னாலேயே புல்லாங்குழல். மச்சான் போனைக் காதில் வைத்தபடி பதினொரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான் சொல்றாங்க?"

"அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க மாப்ளே. ஒரு எழுத்து மாறலை. என்ன ஒரு சீரான தரம்!"

நூறு.

அடுத்து சாவியக்கா. எடுக்கவில்லை. மச்சான் பெருந்தன்மையானவர், ஒருமுறையோடு விடவில்லை. ஒன்பது முறை அடித்தார். ஒன்பது முறையும் எடுக்கவில்லை. பூஜ்யம் போட்டு, அது அழகாக இல்லை என்று அடித்து, இன்னும் உருண்டையாக ஒன்று போட்டார்.

சிறிது நேரம் கழித்து சாவியக்காவே கூப்பிட்டார். "சார், போன் பண்ணியிருந்தீங்களே. இங்க வீட்டுல என்னாச்சுன்னா..."

"அம்மா, தேர்வு முடிஞ்சுபோச்சு" என்றார் மச்சான். "நேரம் முடிஞ்சப்புறம் வர்ற விடைத்தாளை நாங்க வாங்கறதில்ல."

"என்ன தாளு சார்?"

"உங்களுக்கு லெட்டர் வரும்."

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். உறுப்பினர் வெளிநடப்பு செய்தது பதிவு செய்யப்பட்டது.

சாவி வாங்க நானும் மச்சானும் நேரில் போனபோது, சாவியக்கா இரண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "வளையம் லேசாயிடுச்சு சார்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் நெஞ்சில் என்னவோ குறுகுறுத்தது. அஜீரணம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

புதிய நிறுவனத்தின் வேகம் வியக்கத்தக்கது. முதல் மாதமே நாற்காலிகளை அப்புறப்படுத்தித் தரை முழுக்கத் தலையணைகளைக் கொட்டினார்கள். 'இங்கே மூச்சு விடுங்கள்' என்று வரவேற்பறையில் பலகை மாட்டினார்கள். அதுவரை அங்கே தங்கியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்களோ! சாவி என்ற பழங்காலப் பொருளை ஒழித்து, எண்ணை அழுத்தினால் திறக்கும் பூட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு மாதமும் எங்களுக்குச் சூரிய அஸ்தமனப் படம் ஒன்று அனுப்பினார்கள்.

விடுமுறை வந்தது. நானும் மனைவியும் மச்சானும் ஒருநாள் முன்னதாகவே, உச்சி வெயிலில், ஏழு பெட்டிகளோடு போய் இறங்கினோம். தங்கை குடும்பம் மறுநாள் காலை வருகிறது. கதவுப் பூட்டு எண்ணைக் கேட்டது; அதை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நிறுவனத்துக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"விருந்தினர் என்றால் ஒன்றை அழுத்தவும். விருந்தினராக விரும்பினால் இரண்டை அழுத்தவும். எங்களைப் பாராட்ட விரும்பினால் மூன்றை அழுத்தவும்."

வீட்டுக்காரனுக்கு எண் இல்லை. ஒன்றை அழுத்தினேன், முன்பதிவு எண் கேட்டது. இரண்டை அழுத்தினேன், அடுத்த மாதம் வரச் சொன்னது. மூன்றை அழுத்தினேன், "மிக்க நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டது. மச்சான் வாங்கி அடித்துப் பார்த்தார். தரம் சீராக இருந்தது.

மனைவி ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஆறு வருஷம் கழிச்சு வர்றாங்க. பிள்ளைங்களை இந்த வெயில்ல எங்கேன்னு உக்கார வைப்பேன்?" என்றாள். எனக்கு மறுபடி அந்தக் குறுகுறுப்பு வந்தது. இந்த முறை அது அஜீரணம் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அப்போது எதிர்வீட்டுக்குத் துவைத்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு சாவியக்கா வந்தார்.

"என்னம்மா, உங்க வீட்டு வாசல்லயே நிக்கிறீங்க?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சமையலறை ஜன்னல் கொக்கி லூசுன்னு உங்ககிட்ட மூணு தடவை சொன்னேனே சார், மாத்திட்டீங்களா?"

"இல்லையே."

"நல்லவேளை."

ஜன்னலைத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தார், திறந்துகொண்டது. குழுத் தலைவர் என்ற முறையில் நான் முதலில் நுழைந்தேன். பாதி வழியில் வயிறு தகராறு செய்ததால் செயலாளர் பின்னாலிருந்து தள்ளினார். பத்து நிமிடத்தில், பாத்திரம் கழுவும் தொட்டி வழியாக, என் சொந்த வீட்டுக்குள் குடியேறினேன். கதவை உள்ளிருந்து திறந்துவிட்டதும் எல்லாரும் வந்தார்கள்.

சாவியக்கா சமையலறையில் நின்றுவிட்டார். "அடப்பாவிகளா! விருந்தாளிங்க எழுதுற நோட்டை ஃப்ரிட்ஜுக்கு அடியில முட்டுக் குடுத்திருக்காங்களே!" முழங்காலால் ஃப்ரிட்ஜை நெம்பி நோட்டை உருவி, தூசி தட்டி மனைவியிடம் கொடுத்தார்.

"அக்கா, பழையபடி நீங்களே வீட்டைப் பாத்துக்கிறீங்களா?" மனைவி குழுவைக் கலந்தாலோசிக்கவில்லை.

"அதுக்கென்னம்மா, பாத்துக்கிறேன். ஆனா கை வேலையா இருக்கும்போது விடாம போன் அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் தலையணைகளை வாரி மூலையில் எறியப் போனார்.

மனைவி நோட்டில் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்தாள். தேதி, அந்தச் செவ்வாய்க்கிழமை. சத்தமாகப் படித்தாள்:

"இன்று காலை பதினொரு மணிக்குக் குளியலறையில் குழாய் வெடித்தது. பிளம்பர் வரும்வரை நாற்பது நிமிடம் இந்த அக்கா துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு தொப்பலாக நனைந்து நின்றார். வீடு தப்பியது, எங்கள் பெட்டிகளும் தப்பின. அவர் இடுப்பில் போன் ஒன்பது முறை அடித்தது. யாரோ வேலைவெட்டி இல்லாதவர்கள்."

நானும் மச்சானும் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்தோம். நிறைய இருந்தது.

"யாருன்னு பேர் போடலை, நல்லவேளை" என்று மச்சான் என் காதில் கிசுகிசுத்தார்.

மனைவி கையை நீட்டினாள். மச்சான் சட்டைப் பையிலிருந்து, மதிப்பெண் போட்ட அதே பேனாவை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கடைசி வரிக்குக் கீழே அவள் நிதானமாக எழுதினாள்: 'தலைவர், என் கணவர். செயலாளர், என் அண்ணன்.'

நோட்டை மூடி மேசைமேல் வைத்தாள்.

"பதிவு பண்ணியாச்சு" என்றாள்.