சாம்பிள் அண்ணனுக்கு அஞ்சு பக்கம் போதும்

புத்தகத்தைப் படிக்காமலே அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். ஆனால் அப்படிப் பேசி, எழுதினவனையே வயிறெரிய வைக்கக்கூடிய ஆள், திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பெயர் சாம்பிள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள ரசீதில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் சாம்பிள் அண்ணன். பம்புகளுக்கு இரும்பு மூடி வார்க்கிற எங்கள் தொழிற்சாலையில், வந்த சரக்கு சரியா தப்பா என்று பார்க்கிற வேலை அவருடையது. ஒரு டிரே நிறைய மூடிகள் வந்தால் கையை விட்டு ஐந்தே ஐந்தை எடுப்பார். அளப்பார், தட்டுவார், சமயத்தில் காதில் வைத்தும் பார்ப்பார். ஐந்தும் சரியென்றால் டிரே முழுவதும் சரி. சந்தேகம் வந்தால் மட்டும் மொத்த டிரேயையும் மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதற்கு 'நூறு பர்சென்ட்' என்று பெயர். யாருடைய சரக்குக்கு நூறு பர்சென்ட் நடக்கிறதோ அந்த சூப்பர்வைசர் அன்று கேன்டீன் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நாமெல்லாம் பழமொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாம்பிள் அண்ணன் அதை வைத்தே குடும்பம் நடத்தினார். கல்யாண வீட்டில் ஐந்து பேரிடம் பேசிவிட்டு மாப்பிள்ளை வீட்டு மொத்த வம்சத்துக்கும் தீர்ப்பு எழுதிவிடுவார். பாதித் தீர்ப்பு தப்பாகத்தான் போகும். அதனால் அவர் மரியாதை ஒரு இம்மியும் குறைந்ததில்லை. நான் ஒரே ஒரு தடவை டிரைவருக்கு வழி தப்பாகச் சொன்னதை மட்டும் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அதே கம்பெனியில் பர்ச்சேஸ் கிளார்க். வாரப் பத்திரிகைகளில் அவ்வப்போது என் கதை வந்ததால் பஸ்ஸில் எனக்கு 'ரைட்டர்' என்று பெயர். பெயர்தான் எனக்கு, கூட்டம் அவருக்கு.

ஒரு சமயம் வெளிநாட்டு நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பை, அறுநூறு பக்கம், மாதக்கணக்கில் படித்து முடித்திருந்தேன். அந்தப் பெருமையோடு பஸ்ஸில் ஆரம்பித்தேன். "ஒரு ஆளு வீட்டை விட்டுப் போறான். அவனோட மனப் போராட்டம் இருக்கு பாருங்க..." தாமரைப்பாக்கம் வருவதற்குள் பின்சீட்டில் குறட்டை கேட்டது.

"குடு பாக்கலாம்" என்று சாம்பிள் அண்ணன் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடத்தில் பிரித்தார். ஐந்து பக்கம் படித்தார். பெரியபாளையம் தாண்டியதும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவனுக்கு ஊட்ட வுட்டுப் போவணும்னு ஆசையே இல்லபா. போவாதன்னு எவளாவது ஒரு வார்த்த சொல்ல மாட்டாளான்னு வாசப்படில குந்திக்கினு செருப்பத் தேடறான். செருப்பு காலாண்டயே கீது. பாக்காத மாரி தேடிக்கினு கீறான்."

குறட்டை நின்றது. "அப்பறம்?" என்றார் டிரைவர்.

"உள்ளேர்ந்து அவ வர்றா. இந்தா கீது உன் செருப்புன்னு எடுத்துக் குடுக்கறா. அவ்ளோதான். போய்ட்டான்."

பேக்கிங் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். டிரைவர் மேற்கொண்டு கேட்பதற்காகவே மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டி, பஸ் மொத்தமும் லேட். மெமோவைக் கையில் வாங்கும்போதுகூட அந்த மனுஷன் என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்: "நைனா, அந்தாளு திரும்பி வந்தானா இல்லியா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அந்த நாவலைப் புரட்டினேன். செருப்பு எங்கேயும் இல்லை. அந்த ஊரில் பனி கொட்டுகிறது, எல்லோரும் பூட்ஸ் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் பொம்பளையே கிடையாது. எழுதினவருக்கும் தோன்றாத, படித்த எனக்கும் தோன்றாத ஒன்று, ஐந்து பக்கம் பார்த்தவருக்கு எப்படித் தோன்றியது? அன்றைக்கு எனக்கு வந்தது பொறாமைதான். கௌரவமாக வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

பாட்டு விஷயத்திலும் இதே கதை. பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வருகிற வாத்தியத்தை மட்டும் கேட்பார். குரல் வந்ததும் போனை அணைத்துவிடுவார்.

"இன்னாண்ணா, பாட்டே இனிமேதான?"

"சொல்ல வந்தத்த சொல்லிட்டாங்கபா. இனிமே வாயத் தொறந்து வெளக்கம் குடுப்பாங்க."

மிச்சப் பாட்டை அவரே விசிலில் முடிப்பார். அது வேறு பாட்டாகப் போய் நிற்கும். பஸ்ஸில் எல்லோருக்கும் அந்த விசில் பாட்டுதான் மனப்பாடம்.

வெட்கத்தை விட்டு ஒரு நாள் கேட்டேன். "உங்களுக்கு மட்டும் இதெல்லாம் எங்கேர்ந்துண்ணா வருது?"

"பசில வரும் ரைட்டரு. நாஷ்டா துன்னுட்டா போய்டும்."

ஒரு வாரம் காலை டிபனை விட்டேன். கதை வரவில்லை, நெஞ்செரிச்சல் வந்தது. அப்புறம், டிரைவருக்குப் பின்னால் அவர் உட்காருகிற ஜன்னலோரத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று, அவர் லீவு போட்ட நாளில் அங்கே போய் உட்கார்ந்தேன். கவரைப்பேட்டை வரைக்கும் முகத்தில் வெயில் அடித்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என் மனைவி மாலாவும் எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில்தான் இருக்கிறாள், அதே பஸ்தான். வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போது, "சாம்பிள் அண்ணன் இன்னிக்கி ஒண்ணு சொன்னாரு பாருங்க" என்று ஆரம்பிப்பாள். கூடவே நானும்தான் அதே பஸ்ஸில் இருந்தேன் என்பது அவளுக்கு மறந்துவிடும். அந்த 'அண்ணன்' என்கிற சொல் ஒன்றுதான் எனக்கு ஆறுதல். என் கதை பத்திரிகையில் வந்தால் படிப்பாள். படித்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்பாள். அந்த 'தான்' என்னைக் கொல்லும்.

இப்படி இருக்கும்போது என் கதைகள் புத்தகமாக வந்தன. ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். அந்த மேடையிலேயே வெளியிட்டுக்கொள்ளலாம் என்று நிர்வாகம் பெரிய மனது பண்ணியது. யார் பேசுவது என்ற கேள்விக்கு பஸ் மொத்தமும் ஒரே பெயரைச் சொன்னது. மாலாதான் முதலில் சொன்னாள்.

புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அண்ணா, இத்த மட்டும் ஃபுல்லா படிச்சிடுங்க."

"அஞ்சு பக்கம் போதும்பா."

அதன் பிறகு தினமும் பெரியபாளையத்தம்மன் கோயிலைத் தாண்டும்போது இரண்டு வேண்டுதல் வைத்தேன். அவர் என் புத்தகத்தை மாலாவின் காது குளிரப் புகழ வேண்டும். அவர் அதைப் படிக்கவே இல்லை என்பதும் மாலாவுக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே மேடையில் எப்படி நடத்துவது என்பது அம்மன் பாடு.

ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து, பிளாண்ட் மேனேஜர் உற்பத்தியைப் பற்றிப் பேசி எல்லோரையும் தூங்க வைத்த பிறகு சாம்பிள் அண்ணன் மைக்கைப் பிடித்தார். என் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை.

"இதுல ஒரு கதை கீது" என்று ஆரம்பித்தார். "புருசனுக்கு ரெண்டாவது ஷிஃப்டு, பொண்டாட்டிக்கு மொத ஷிஃப்டு. வேற வேற கம்பெனி. இவ ஊட்டுக்கு வர்ற டைம்ல அவன் வேலைக்குப் போறான். ரெண்டு பஸ்ஸும் ஆரணி பாலத்தாண்ட ஸ்லோவாகும். அப்ப அவன் ஜன்னல்ல கைய வுட்டு ஒரு காயக் காட்டுவான். ஊட்ல இன்னா கொழம்பு வெச்சிட்டு வந்துக்கீறேன்னு அவளுக்கு சொல்றான். கத்திரிக்கா ஒரு நாளு. முருங்கக்கா ஒரு நாளு. அவங்க பேசிக்கினதெல்லாம் அவ்ளோதான்."

பொரி மெல்லுகிற சத்தம் நின்றுபோனது.

"ஒரு நாளு எதிர் பஸ்ஸு வருது. அவன் சீட்டு காலியா கீது. இவளுக்கு உசுரு இல்ல. எறங்கி ஓடறா. கதவு தொறந்து கீது. உள்ள போனா, அவன் லீவு போட்டுட்டு அடுப்பாண்ட நிக்கறான். கைல முருங்கக்கா. இன்னாயா இதுன்னா, ஒரு நாளாவது நேர்ல காட்டலாம்னு பாத்தேன் அப்டீங்கறான்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் வரிசையில் மாலா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏனென்றால் அந்தக் கதை என் புத்தகத்தில் இல்லை.

கொண்டுபோன பிரதிகள் பூசணிக்காய் காய்வதற்குள் தீர்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்து தலையில் வைத்த பூவைக்கூட எடுக்காமல் மாலா புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினாள். "அந்த முருங்கக்கா கதை எங்கங்க?"

"அது இதுல இல்ல. அவரா வுட்டது."

"நீங்க எழுதலியா?" என்றாள். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அவர் படிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மன் இரண்டு வேண்டுதலையும் நிறைவேற்றிவிட்டாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மறுபடி கம்பெனி திறந்ததும் என் மேஜையில் ஒரு டிரே இருந்தது. நிறைய, பூஜையன்று வாங்கிப்போன என் புத்தகங்கள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு அட்டை: 'பார்ட் மிஸ்ஸிங்'. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த நியாயம் அது. மேடையில் சொன்ன கதை உள்ளே இல்லையென்றால் பாகம் குறைந்து வந்த சரக்கு. அப்படிப்பட்ட சரக்கை சப்ளையருக்குத் திருப்பி அனுப்புவது பர்ச்சேஸ் வேலை. பர்ச்சேஸும் நான், சப்ளையரும் நான்.

டிரேயைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடம் போனேன். "ஏண்ணா, படிக்காமலே மேல ஏறிப் பேசி என் பேரக் கெடுத்துட்டீங்களே."

"படிச்சேன்பா. ஃபுல்லா படிச்சேன்."

எனக்கு ஒரு கணம் நெஞ்சு விம்மியது. ஒரு புத்தகத்தையும் முழுசாகப் படிக்காதவர் என்னுடையதைப் படித்திருக்கிறார். அடுத்த கணம்தான் உறைத்தது. அவர் முழுசாகப் பார்ப்பது எந்தச் சரக்கை?

"அஞ்சு பக்கம் பாத்தேன். டவுட்டு வந்திச்சி" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "நூறு பர்சென்ட் பாத்தேன். எல்லாக் கதையிலயும் மழ பெஞ்சிக்கினே கீது. எவனோ ஜன்னலாண்ட நின்னுக்கினு காப்பி குடிக்கறான். யார்ரா இவன்னு எனக்குப் புரியல. மேடைக்கு எதுர்ல உம் பொண்டாட்டி குந்தினு கீது. எனக்கு ஒரே பேஜாராப் போச்சி. அதான் உங்கதையச் சொல்லிட்டேன்."

"எங்கதையா? நான் எப்ப முருங்கக்கா காட்டுனேன்?"

"சாவி காட்டுனியே."

கல்யாணமான புதிதில் நான் ஸ்டோர்ஸில் இரண்டாவது ஷிஃப்ட். மாலா அப்போது வேறு கம்பெனியில் முதல் ஷிஃப்ட். ஒரு நாள் வீட்டைப் பூட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டிய சாவியை மறந்துபோய்ச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆரணி பாலத்தில் எதிர் பஸ்ஸில் அவளைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகச் சாவியை ஆட்டினேன். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து இவர் பார்த்திருக்கிறார்.

"உம்மூஞ்சி அன்னிக்கி ஒரு மாரி இருந்திச்சி" என்றார். "உன் டிரேல எனக்கு அந்த ஒரு பீஸு போதும்னு தோணிச்சி. சாவின்னா நல்லால்ல, காய் வெச்சிக்கினேன்."

அன்று சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது மாலாவிடம் கேட்டேன். "அந்த சாவி விஷயம் ஞாபகம் இருக்குதா?"

"எப்படி மறக்கும்? நீங்க ஷிஃப்டு முடிஞ்சி வர்ற வரைக்கும் பூட்டுன ஊட்டு வாசல்ல குந்தினு இருந்தேன். அந்தக் கோவம் எனக்கு உள்ளயே இருந்திச்சி."

"இருந்திச்சின்னா?"

"அண்ணன் சொல்லச் சொல்லப் போய்டுச்சி. எங்கோவம் தெரிஞ்சி நீங்கதான் அத்த மாத்தி எழுதிக்கீறீங்கன்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இப்பயும் கோவம் இல்ல" என்றாள்.

என் கதைகள் எல்லாம் சேர்ந்து செய்யாத காரியம். என் வீட்டு வாசலில் என்னால் கிடந்த கோபத்தை, என் பெயரிலேயே, ஒரு முருங்கைக்காயை வைத்து இன்னொருத்தர் தூக்கிப் போட்டிருக்கிறார். இதற்கு அவர் மேல் பொறாமைப்படுவதா, அவர் காலில் விழுவதா? இரண்டும் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், இரண்டாவதை மனசுக்குள்.

போன வருஷம் சாம்பிள் அண்ணன் தடா தாண்டி ஆந்திரா பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். எங்கள் பஸ்ஸில் இப்போது எல்லோரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுதினதை அவருக்கு போனில் படித்துக் காட்டுகிறேன். நடுவில் குறுக்கிட்டு, "போதும்பா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டால் கதை தேறிவிட்டது. சில நாள் குறுக்கிடாமல் கடைசி வரி வரைக்கும் கேட்கிறார். கதை ஊற்றிக்கொண்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனாலும், இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாமே, இன்னும் கொஞ்ச நேரம் லைனில் இருந்திருப்பாரே என்றுதான் தோன்றுகிறது.