ஏசி பழுதான வீட்டில் வாடாத பூ

குணசிங்கம் ஒரு முடிவுக்கு வந்தார். இதற்கு முதல் அவர் வாழ்க்கையில் இரண்டு பெரிய முடிவுகள் நடந்திருக்கின்றன. ஒன்று, நோர்வேக்கு வந்தது. அதை அவருடைய தமையன் எடுத்தார். மற்றது, கலியாணம் கட்டியது. அதை மனோகரியின் தகப்பன் எடுத்தார். ஆகவே தன் சொந்தப் புத்தியால் அவர் எடுத்த முதல் முடிவு இதுதான்: வீட்டு ஏசியைப் பழுதாக்குவது.

சொந்த வீட்டு ஏசியை எவனாவது பழுதாக்குவானா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் மனிதர் பட்ட பாட்டையும் ஒருக்கால் கேளுங்கள்.

குணசிங்கத்துக்கு ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைச்சாலையில் வேலை. பதினேழு வருசமாகப் படுக்கை விரிப்புகளோடு சேர்ந்து ஆவியில் வேகிறார். இடியப்பத்தைக்கூடப் பத்து நிமிசத்தில் இறக்கி விடுவார்கள். இவரை இறக்குவது வருசத்தில் ஒரு தடவை, யூலையில் மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் சாரத்தோடு, சோபாவில், குளிரக் குளிரப் படுத்துக் கிடக்கவேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

அதற்காகத்தான் ஒஸ்லோ ஓரத்துப் பியோர்ண்டாலில் இருந்த தன் வீட்டு ஹோல் சுவரில் போன மாரிக்கு ஒரு பெட்டியைப் பொருத்தினார். மாரியில் சூடு ஊதும், கோடையில் குளிர் ஊதும். நோர்வேக்காரர் அதை 'வார்மபும்ப' என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது ஏசி. மனோகரிக்குச் சொன்ன காரணம் மாரிக் கரண்ட் பில். மனதுக்குள் வைத்திருந்த காரணம் யூலை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு யூலையும் வந்தது. முப்பத்தொரு பாகை. லீவின் முதல் நாள் காலை குணசிங்கம் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு, ஒரு புது மாப்பிள்ளையின் நடையில் ஹோலுக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். நிலத்தில் பதினொரு பெண்கள். நடுவில் வாளி வாளியாகப் பூ. சோபாவில் அவருக்குப் பதிலாக ஆயிரம் செவ்வந்தி படுத்திருந்தது.

"இதென்னப்பா இது?"

"திருவிழாவுக்கு மாலை கட்டுறம்," என்றாள் மனோகரி, தலை நிமிராமல். "இந்த முறை எங்கடை பொறுப்பு. கோயில் மண்டபத்திலை வெக்கைக்குப் பூ நிக்குதில்லை. ஏசி இருக்கிற வீடு எங்கடை ஒண்டுதானே."

"எத்தினை நாளைக்கு?"

"தேர் முடியிற மட்டும்."

"தேர் எப்ப?"

"உங்கடை லீவு முடியிற ஞாயிறு."

பெண்கள் படையின் தளபதி சிறிதேவி அக்கா. நாலு வீடு தள்ளி இருக்கிறவ. பூவை நாரில் வைத்து ஒரு சுண்டு சுண்டிவிட்டுச் சொன்னா: "தம்பி, ஒரு சேட்டைப் போட்டுக்கொண்டு வாரும். பொம்பிளையள் இருக்கிற இடம்."

குணசிங்கம் சேட்டைப் போட்டுக்கொண்டு வரவில்லை. மேலே அறைக்குப் போய்விட்டார். ஏசிக் காற்று மாடிப்படி ஏறாது. சலவைச்சாலைக்கும் அந்த அறைக்கும் இருந்த ஒரே வித்தியாசம், அங்கே சம்பளம் கொடுப்பார்கள். ஒரு கிழமை பொறுத்தார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். இவருக்கு ஒரு சோபாகூடக் கிடைக்கவில்லை. அப்போதுதான் அந்த முடிவு பிறந்தது.

வாசல் நடையில் இருந்த மின்பெட்டியில் ஏசிக்கென்று தனி பியூஸ் ஒன்று உண்டு. வெள்ளைப் பீங்கான் குமிழ். திருகினால் கையோடு வரும். ஞாயிறு பின்னேரம் மனோகரி கோயிலுக்குப் போன நேரம் குணசிங்கம் திருகினார். வந்தது. பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு, மேல் அறையில் காலுறை வைக்கிற லாச்சிக்குள் ஒளித்தார். திங்கள் காலை பெண்கள் வந்தார்கள். றிமோட்டை அமத்தினார்கள். ஏசி ஊமையாக இருந்தது.

குணசிங்கம் முக்காலியில் ஏறிப் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர் அல்லவா, டொக்டரின் முகம் வந்துவிட்டது.

"கொம்பிறெசர் போச்சுது," என்றார்.

"திருத்திற ஆளைக் கூப்பிடுங்கோவன்," என்றாள் மனோகரி.

"யூலையிலையோ? நோர்வே முழுக்க லீவிலை நிக்குது. ஓகஸ்டிலைதான் வருவான்."

அது உண்மை. நல்ல பொய்க்கு நடுவில் ஓர் உண்மை வைத்துக் கட்டவேண்டும், மாலையில் இலை வைக்கிற மாதிரி. பெண்கள் பெருமூச்சு விட்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு சிறிதேவி அக்கா வீட்டு நிலக்கீழ் அறைக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை இராச வாழ்க்கை என்று சொன்னால் இராசாக்கள் கோபிப்பார்கள். ஒன்பது மணிக்கு மனோகரி படியிறங்குவாள். ஒன்பது ஐந்துக்கு பியூஸ் ஏறும். பத்து மணிக்கு ஹோலில் பதினெட்டுப் பாகை. குணசிங்கத்துக்குக் குளிர்ந்தது. மாரிக்குப் போர்க்கிற தடித்த மொத்தப் போர்வையை எடுத்து வந்து போர்த்துக்கொண்டு கிடந்தார். ஐந்து மணிக்கு பியூஸ் லாச்சிக்குப் போகும். யன்னலெல்லாம் திறந்து, வெக்கையை வா வா என்று உள்ளே அழைப்பார்.

"பாவமப்பா நீங்கள்," என்பாள் வந்து நுழைகிற மனோகரி. "வெந்து போனியள். இந்தாங்கோ மோர்."

குணசிங்கத்துக்கு நெஞ்சுக்குள் குத்தத்தான் செய்தது. இரண்டு கோப்பை குடித்து அதை ஆற்றிக்கொண்டார்.

செவ்வாய் பின்னேரம் மனோகரி ஒரு வாளி பூவைக் கொண்டுவந்து ஹோல் மூலையில் வைத்தாள். "அக்கா வீட்டிலை இடம் காணாது. மிஞ்சின பூ. வாடினா வாடட்டும்," என்றாள். புதன்கிழமை இரண்டு வாளி. வியாழன் நாலு. குணசிங்கத்துக்கு என்ன வந்தது? வாசமாக இருந்தது. நடுவில் படுத்து நித்திரை கொண்டார். எந்தத் துணியில் எந்தக் கறை எத்தனை பாகையில் போகும் என்று கேட்டால் சொல்வார். பூ எத்தனை பாகையில் வாடும் என்பது அவருக்குத் தெரியாது. மனோகரிக்குத் தெரியும்.

வெள்ளி நாலரைக்கு போன் அடித்தது.

"இஞ்சேருங்கோ, நாங்கள் எல்லாரும் வாறம். பத்து நிமிசம்."

குணசிங்கம் பறந்தார். பியூஸ் லாச்சிக்கு, போர்வை அலுமாரிக்கு, யன்னல்கள் விரியத் திறந்தபடி. வேர்வை வேண்டுமே என்று முகத்தில் தண்ணீரும் தெளித்துக்கொள்ளக் குளியலறைக்குப் போனார். வெளியே வந்தபோது மனோகரி மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே பெண்கள் வாளிகளைச் சுற்றி நின்றார்கள்.

"எடி ஆத்தை!" என்றா சிறிதேவி அக்கா. "என்ரை நிலக்கீழ் அறையிலை அரைவாசிப் பூ அவிஞ்சு போச்சு. இஞ்சை ஏசியும் இல்லை. செவ்வாய்க்கிழமைப் பூ இப்ப பிடுங்கினது மாதிரி நிக்குது!"

"அதைத்தானக்கா காட்டக் கூட்டிக்கொண்டு வந்தனான்," என்றாள் மனோகரி. கற்பூரம் காட்டுகிற முகம். "பகல் முழுக்க இந்த வெக்கைக்கை பூவோடை இருக்கிறது இவர் ஒராள்தான். வேறை என்ன? இவற்றை கைராசிதான்."

"முருகா! ஆரைப் பிடிச்சு வேலை வாங்குவாய் எண்டு ஆருக்குத் தெரியும்?" சிறிதேவி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டா. "அப்ப தேர் மாலையைத் தம்பி கட்டட்டும். நாங்கள் இஞ்சையே வந்து பக்கத்திலை இருந்து காட்டிக் குடுக்கிறம்."

குணசிங்கத்தின் லீவில் மிஞ்சிய கடைசிக் கிழமையும் கண்முன்னால் நாரில் ஏறியது. ஆனாலும் புத்தி வேலை செய்தது. ஏசியைத் திருத்தி விட்டால்? பூவும் நிற்கும், பெண்களும் சந்தோசப்படுவார்கள், குறைந்தது குளிரிலாவது இருக்கலாம்.

"பொறுங்கோ," என்றார் கம்பீரமாக. "ஏசியை ஒருக்காக் கழட்டிப் பாப்பம். எனக்கு ஒரு சந்தேகம் கிடக்கு."

முக்காலி வந்தது. மூடியைக் கழற்றினார். வடிகட்டியை ஊதினார். ஒரு வயரைத் தொட்டு "ம்ம்" என்றார். பதினொரு பெண்களும் வாய் பார்த்தார்கள். "ஒரு சாமான் மேலை கிடக்கு," என்று சொல்லிவிட்டுப் படியேறினார். லாச்சியைத் திறந்தார். காலுறைகளை விலக்கினார். கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்.

உள்ளே பியூஸ் இல்லை. ஒரு செவ்வந்திப் பூ இருந்தது. மஞ்சள். வாடாமல்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் சத்தம் போட முடியாது. எதை ஒளித்தாரோ அதை எங்கே என்று எப்படிக் கேட்பது? கடையில் புதிது வாங்கலாம்தான். கொம்பிறெசர் போன ஏசியை ஒரு பியூஸ் எப்படித் திருத்தினது என்று அத்தனை பேருக்கும் முன்னால் மனோகரி கேட்பாள். கேட்கக்கூடியவள்.

கீழேயிருந்து அவள் குரல் வந்தது. "என்னப்பா, சரிவருதோ?"

"இல்லை," என்றார் குணசிங்கம். "கொம்பிறெசர்தான்."

"நானும் நினைச்சனான்."

ஆறு நாள் கட்டினார். சேட்டுப் போட்டுக்கொண்டு, நிலத்தில் சப்பாணி கட்டி, காற்றுக்குப் பூ பறக்கும் என்று யன்னலும் பூட்டிய ஹோலில். கோயிலில் கொடியேறியதால் வீட்டில் மீன் இறைச்சி இல்லை, மரக்கறிதான். "தம்பி, முடிச்சு இளகுது," என்பா சிறிதேவி அக்கா. "தம்பி, ரெண்டு வெள்ளைக்குப் பிறகு ஒரு சிவப்பு." அவிழ்ப்பா. திரும்பக் கட்டச் சொல்லுவா. பூவுக்குக் காவல் வேண்டும் என்று மனோகரி இப்போது ஹோலில்தான் படுக்கை. காலையில் குணசிங்கம் மேலிருந்து வெந்து இறங்கி வரும்போது ஹோல் சில்லென்று இருக்கும். சோபாவில் அவருடைய மொத்தப் போர்வை மடித்து வைத்திருக்கும். பூ ஒன்றும் வாடியிராது. அவர் போய்ச் சப்பாணி கட்டி நாரை எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தேர். சுவாமியின் தோளிலிருந்து பாதம்வரை குணசிங்கம் கட்டிய மாலை. கோயில் தலைவர் பத்மநாதன் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி, பட்டுச் சால்வை போர்த்தினார். முப்பது பாகையில் பட்டு. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், தேர் அசைந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினேழு வருசமாக எத்தனையோ ஆயிரம் விரிப்பு வெளுத்திருக்கிறார். ஒன்றையாவது யாரும் கும்பிட்டதில்லை. பக்கத்தில் நின்ற மனோகரி பெருமையோடு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னொரு லீவையும் கொடுக்கலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். இது அவருடைய இரண்டாவது சொந்த முடிவு.

"மனோகரி, அந்த ஏசி..."

"ஓம், மறந்துபோனன்." அவள் கைப்பையைத் திறந்து வெள்ளைப் பீங்கான் பியூஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். குணசிங்கத்தின் முகம் மலர்ந்தது.

"நாளைக்குக் காலமை வேலைக்குப் போகேக்கை இதைத் திருகிப் பூட்டிப்போட்டுப் போங்கோ," என்றாள். "மாலை கட்டின பொம்பிளையள் எல்லாரும் சரியாக் களைச்சுப் போச்சினம். ஒரு மூண்டு கிழமை இஞ்சை வந்து படுக்கப் போயினமாம்."